தொண்ணூறில் நின்ற முள்

என் கணவர் பிரேக் ஆயில் மாற்றினால் நன்றாக மாற்றுவார். கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினால் ஒரு திருகாணிகூட மிஞ்சாது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே அவர் வேலை. ஆனால் துடைப்பது மட்டும் அவருக்கு வராது. வீட்டில் மேசை துடைக்கச் சொன்னால் மேசையின் நிறம் மாறிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை, தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மீட்டர் கண்ணாடிகள் மஞ்சளாகிவிட்டன என்று, ஒரு பழைய பனியனைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அவை கண்ணாடிகள் அல்ல, பிளாஸ்டிக். அந்தக் காருக்கு எங்களுக்கு முன்னால் இருந்த சொந்தக்காரர் யாரோ மாற்றியது. தின்னர் பட்டதும் முதல் மீட்டர் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒன்னு மட்டும் வேற மாதிரி இருந்தா நல்லா இருக்காதுன்னு மத்த அஞ்சையும் தொடச்சேன்" என்று மேலே வந்து சொன்னார்.

நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேகம், என்ஜின் சுற்று, சூடு, ஆயில், பெட்ரோல், பேட்டரி. ஆறு மீட்டர்களும் கண்புரை முற்றிய ஆறு கண்களாக என்னைப் பார்த்தன.

கண்புரை என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நான் ஜார்ஜ் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் வெட்டுகிறேன். கண்ணைச் சோதிப்பது கடை முதலாளி, எங்கள் வழக்கில் தவுக்கே. அவர் எழுதித் தரும் அளவுக்கு வட்ட லென்ஸை எடுத்து, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த சட்டத்துக்குள் சரியாக உட்காரும்படி ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பது நான்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் செய்த சிவப்புக் கார். இரண்டே இருக்கை. தலைக்கு மேல் துணிக்கூரை. நாங்கள் இருப்பது சுங்கை பினாங்கில் அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடி. கார் கீழே தார்ப்பாய்க்குள் நிற்கும். அதன்மேல் மூன்று பூனைகள் படுத்திருக்கும். மாதம் ஒருமுறை பூனைகளை எழுப்பிவிட்டு என் கணவர் அதை வெளியே எடுப்பார். பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். அவர்களில் அடுக்குமாடி வீட்டுக்காரர் இவர் ஒருவர்தான். அதனால் சங்கம் எங்கே போனாலும் இவர் கட்டாயம் போயாக வேண்டும். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவைச் சுற்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்குப் போய் லக்சா என்ற புளிப்பு மீன் நூடுல்ஸ் சாப்பிடுவதாக ஏற்பாடு.

"புது மீட்டர் கண்ணாடிய இங்கிலாந்துல இருந்து வரவழைச்சா ரெண்டு மாசம் ஆகும்" என்றார். "மத்த மீட்டரு இல்லாட்டியும் பரவாயில்ல. சூடு காட்டுற மீட்டரு இல்லாம தெலுக் பாஹாங் மலை ஏற முடியாது. பெட்ரோல் தீந்தா தள்ளலாம். சூடு ஏறுனா என்ஜின் போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"லென்ஸுதானே. நீ லென்ஸு வெட்டுறவதானே."

இதை அவர் மிகவும் இயல்பாகச் சொன்னார். நான் ஏதோ இத்தனை வருடமாக இந்த நாளுக்காகவே தொழில் பழகிக்கொண்டிருந்ததைப் போல.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது தவறும் இல்லை. பெரிய மீட்டர்கள் இரண்டும் என் லென்ஸுக்குள் அடங்காது. அவற்றுக்கு விளம்பரப் பலகை செய்யும் கடையில் தெளிந்த பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி வாங்கிவிட்டார். சின்ன மீட்டர்கள் நான்கும் என் உள்ளங்கைக்குள் அடங்குபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி லென்ஸ் தாராளமாகப் போதும்.

திங்கட்கிழமை தவுக்கேயிடம் கேட்டேன். அவர் வாங்கி விற்காமல் போன பழைய லென்ஸ்கள் பின்னறையில் மூன்று இழுப்பறை நிறையக் கிடக்கின்றன. உறைகளின் மேலிருந்த எழுத்துகளைப் பூச்சி தின்றுவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காருக்குக் கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா என்று கேட்டார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் வந்தவர்கள் எல்லோரிடமும் அதே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பவர் இல்லாத லென்ஸ்களாகப் பார்த்து நான்கைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் கருவியில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். குழல்விளக்கின் கீழே தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் மீட்டர் அளவுக்கு வட்டமாகத் தேய்த்து முடித்தேன். வாடிக்கையாளர் முகத்தில் உட்காரும் லென்ஸுக்குக் காட்டாத கவனத்தை அந்த நான்குக்கும் காட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில் வேலை நடந்தது. என் கணவர் மீட்டர்களைக் கழற்றிப் பழைய பிளாஸ்டிக்கை எடுத்தார். நான் பருத்திக் கையுறை போட்ட கைகளால் லென்ஸ்களை நீட்டினேன். நான்காம் மாடி அக்கா குப்பை கொட்ட வந்தவர் பையோடு நின்றுவிட்டார்.

"அண்ணே, காடிக்குக் கண்ணாடி போடுறீங்களாமே?"

"ஆமாக்கா."

"அதுக்கும் வயசாயிருச்சுல்ல" என்றார் அந்த அக்கா, மிகுந்த இரக்கத்தோடு.

மூக்குக்கண்ணாடி லென்ஸ் தட்டையாக இருக்காது. ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் குழிந்திருக்கும். குவிந்த பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றை அப்படியே மாட்டினார். நான்காவது, சூடு காட்டும் மீட்டர். அது ஒரு மெல்லிய குழாயால் என்ஜினோடு இணைந்திருக்கும், கழற்றுவது பெரிய வேலை என்பதால் இருந்த இடத்திலேயே மாட்டுவதாகச் சொன்னார். என்ஜினை ஓடவிட்டு, முள் ஏறுகிறதா என்று பார்த்து, ஏறி நின்ற பிறகு லென்ஸை வைத்து, அதைப் பிடிக்கும் மேல்வளையத்தை அழுத்திப் பூட்டினார். அந்த நேரம் பார்த்து நான் பூனைக்குச் சோறு வைக்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது ஆறு மீட்டர்களும் பளிச்சென்று இருந்தன. எண்களின் ஓரத்தில் இருந்த மெல்லிய பச்சைக் கோடுகூடத் தெரிந்தது. என் கணவர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இப்படி ஒரு கோடு இருக்குறதே எனக்குத் தெரியாது" என்றார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் என் தொழிலை அவர் மதித்துப் பார்த்த முதல் பார்வை அது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டுக் கிளம்பினோம். கூரைத்துணியை மடித்து வைத்தால் என் சாப்பாட்டுக் கூடைக்கு இடமில்லை என்று அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டோம். காரைக் கிளப்பியதுமே சூட்டு முள் தொண்ணூறில் நின்றது.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்று கேட்டேன்.

"நல்ல என்ஜின்னா அப்படித்தான். சட்டுனு சூடாயிடும். அதுக்கு மேல ஏறக்கூடாது, அவ்வளவுதான்."

இயந்திரம் தெரிந்தவர் சொல்கிறார். நான் நம்பினேன்.

வானம் இருட்டிக்கொண்டு மேகமூட்டமாக இருந்தது. கடற்கரைத் திடலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற சீனப் பல் டாக்டர். அவரிடம் பால் நிறத்தில் ஒரு நீளமான கார். என் கணவர் அவரை அழைத்து வந்து மீட்டர்களைக் காட்டினார். டாக்டர் குனிந்து பார்த்து, அழகாக இருக்கிறது, யார் செய்தது என்று மலாயில் கேட்டார். என் கணவர் என்னைக் கைகாட்டினார். டாக்டர் எனக்குக் கைகொடுத்தார். காலை எட்டரை மணிவரை எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

தஞ்சோங் தோக்கோங் தாண்டியபோது மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. என் கணவர் கேட்டார். "உனக்கு மீட்டரு கொஞ்சம் கறுப்பாத் தெரியுதா?"

"கூலிங் கிளாஸைக் கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றினார். "இன்னும் கறுப்பாத்தான் இருக்கு."

நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய மீட்டர்கள் இரண்டும் பளிச்சென்று இருந்தன. சின்ன நான்கும் தேநீர் ஊற்றிவைத்த கோப்பைகளைப்போல இருந்தன. அடுத்த வளைவைத் தாண்டியபோது கோப்பியாக மாறியிருந்தன. அந்த நொடியே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூச்சி தின்ற உறைகளுக்குள் இருந்தவை வெயில் பட்டால் கறுக்கும் லென்ஸ்கள். கடைக்குள் குழல்விளக்கில் தெளிவாகத்தான் தெரியும். கார் நிறுத்துமிடம் கூரைக்குக் கீழே, அங்கேயும் அப்படித்தான். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் போதும். முதல் வாரம் வேலைக்கு வருகிற பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது.

பத்து பெரிங்கிக் கடற்கரை வரும்வரை அதை அவரிடம் சொல்லவில்லை. கடல் அழகாக இருக்கிறது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

"இப்ப ஒன்னுமே தெரியல" என்றார் அவர். சொல்லியாக வேண்டிய நிலை.

"ஏங்க, அது வெயில் பட்டா கறுக்குற லென்ஸு."

"அப்படின்னா?"

"வெளிய போனா கறுக்கும். வீட்டுக்குள்ள வந்தா தெளிஞ்சிரும்."

அவர் ஒரு வளைவை ஒடித்துத் திருப்பினார். "காடி எப்ப வீட்டுக்குள்ள வரும்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தெலுக் பாஹாங்கில் இறக்கிவிட்டுவிடுவார் என்று தோன்றியதால் கூடைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மலையேற்றம் தொடங்க இன்னும் சிறிது தூரமே இருந்தது. திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். முன்னால் பதினொரு கார், பின்னால் ஆறு கார் வரும்போது எப்படித் திரும்புவது என்றார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. என் தோளில் இருந்தது தடித்த பருத்தி ஷால். அதை மீட்டர் பலகையின் மேல் விரித்து, மறுமுனையை என் தலையைச் சுற்றிப் போர்த்தி, உள்ளே தலையை நுழைத்துக்கொண்டேன். பழைய காலத்துப் படம் பிடிப்பவர் பெட்டிக்குப் பின்னால் துணிக்குள் நிற்பாரே, அப்படி. இருட்டில் நான்கைந்து நிமிடம் இருந்ததும் லென்ஸ்கள் மெல்லத் தெளிந்தன. ஷாலின் நெசவு வழியாக வந்த வெளிச்சத்தில் சூட்டு முள் தெரிந்தது.

"எவ்வளவு?" வெளியிலிருந்து அவர் குரல்.

"தொண்ணூறு."

"நல்லது. பாத்துக்கிட்டே இரு."

கார் மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் தொண்ணூறு என்றேன். அவர் குரலில் உற்சாகம் கூடிக்கொண்டே போனது. "பாத்தியா, நான் மாட்டுன ரேடியேட்டர். அசையவே மாட்டேங்குது." உள்ளே எனக்கு வேர்த்து ஊற்றியது. என் மூக்கு பெட்ரோல் மீட்டரில் இடித்தது.

தெலுக் பாஹாங் அணைக்கட்டைத் தாண்டிய பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து ஓடும் சத்தம் கேட்டது. ஒரு மலாய் ஆடவரின் குரல். துணிக்குள் தலையை விட்டுக் கிடக்கும் பெண்ணைப் பார்த்து அந்த நல்ல மனிதர் பயந்திருக்கிறார். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். என் கணவர் பதற்றத்தில் இருந்தார். "சூடு. சூடு பார்க்கிறாங்க" என்று அவரும் மலாயில் சொன்னார். என் கணவரின் மலாய் தொழிற்சாலை மலாய், அதில் வினைச்சொற்கள் குறைவு. கேட்டவருக்குச் சூடு என்பது மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு முன்னால் பறந்தது.

இன்னும் இரண்டு வளைவு ஏறியிருப்போம்.

"என்னமோ வாடை வருது" என்றார்.

"தொண்ணூறு" என்றேன், கேட்காமலேயே.

"முன்மூடிக்கு மேல வெள்ளையா ஏதோ வருது."

"பனியா இருக்கும். மலைதானே."

"மணி பத்தரை."

"முள்ளு தொண்ணூறுலதாங்க இருக்கு. நான் கண்ணை எடுக்கவே இல்ல."

இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என்மேல் குற்றம் தெரியவில்லை. என் முன்னால் ஒரு முள் இருந்தது. அது தொண்ணூறைக் காட்டியது. நான் தொண்ணூறு என்றேன். அவரும் என்னை நம்பினார். கண்ணெதிரே ஆவி கிளம்புகிறது, பக்கத்தில் மனைவி ஒன்றுமில்லை என்கிறாள். மனைவி சொல்லை நம்பி அவர் மலையைக் கடந்து, இறக்கத்தில் என்ஜினை அணைத்தும் அணைக்காமலும் உருட்டி, ஆவிக்குள் முகத்தை நீட்டி வழி பார்த்துக்கொண்டு பாலிக் புலாவ் லக்சா கடை வாசல்வரை வந்து சேர்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் என் சொல்லைக் கேட்டது அந்த ஒரு நாள்தான். அதுவும் இப்படி முடிந்தது.

கார் நின்றதும் என் தலைமேலிருந்த ஷாலை யாரோ உருவினார்கள். பல் டாக்டரின் மனைவி. பக்கத்தில் டாக்டர், கையில் ஒரு பாத்திரம் நிறைய ஐஸ். பின்னால் லக்சா கடைக்காரம்மா ஈரத்துண்டோடு நின்றார். மோட்டார் சைக்கிள்காரர் முன்கூட்டியே வந்து, பின்னால் வரும் சிவப்புக் காரில் ஒரு இந்தியப் பெண்மணிக்குக் கடும் காய்ச்சல், தலையைத் தூக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். என் முகம் வேர்த்துச் சிவந்து இருந்தது. "எனக்கு ஒன்னுமில்ல" என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல டாக்டரின் மனைவி தலையாட்டினார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து, நெற்றியில் ஈரத்துண்டைப் போட்டார்கள். டாக்டர் என் நாடியைப் பிடித்தார். பல் டாக்டராக இருந்தாலும் நன்றாகவே பிடித்தார். அங்கே வாசலில், உண்மையிலேயே காய்ச்சல் கண்டது, முன்மூடியின் நான்கு பக்கமும் ஆவி விட்டுக்கொண்டு தனியாக நின்றது. அதன் பக்கத்தில் என் கணவர், யாரிடம் போவது என்று தெரியாமல் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதனிடம் போனார்.

"காய்ச்சல் காருக்கு" என்று ஒருவழியாக நான் புரியவைத்தபோது டாக்டர் என் கையை விட்டுவிட்டு ஐஸ் பாத்திரத்தோடு ஓடினார். என் கணவர் அவரைத் தடுத்தார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது, ஆறவிட வேண்டும். ஆகவே எல்லாரும் லக்சா சாப்பிட்டோம். ஐஸைத் தண்ணீரில் போட்டுக் குடித்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர், என் கணவர், நான் மூவரும் காருக்குப் போனோம். கடைக்குமுன் இருந்த கூரையின் நிழலில் லென்ஸ்கள் தெளிந்திருந்தன. என்ஜின் கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறியிருந்தது. முள் தொண்ணூறில் நின்றது.

டாக்டர் மீட்டரை விரலால் தட்டினார். கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டு. முள் அசையவில்லை. கடையிலிருந்து ஒரு கரண்டியை வாங்கி, மேல்வளையத்தின் அடியில் கொடுத்து நெம்பினார். வளையம் கழன்றது. லென்ஸ் கையில் வந்ததும் முள் விடுதலை பெற்றதுபோலச் சரிந்து கீழே போய் நாற்பதில் விழுந்தது.

டாக்டர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. குவிந்த பக்கம் உள்ளே இருந்தது. என்ஜின் சூடாகி முள் தொண்ணூறுக்கு வந்து நின்ற நேரத்தில் அந்தக் குமிழ் முள்ளின் நடுமண்டையில் அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது.

"யார் மாட்டினது?" என்று டாக்டர் கேட்டார்.

வெயிலில் கறுத்தது என் தவறு, காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தச் சுமையில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்ற நிம்மதியில், நான் கண்ணியமாக எதிரே இருந்த ஜாதிக்காய்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குவிஞ்ச பக்கம் வெளிய இருந்தா விரல் பட்டுக் கீறும்னு நெனச்சேன்" என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

"மத்த மூணும் கீறாதா?" என்று கேட்டேன்.

"அது மூணையும் நீ பாத்துக்கிட்டு இருந்தியே."

ரேடியேட்டர் குழாயில் ஒரு இடத்தில் கவ்வி தளர்ந்து நீர் ஒழுகியிருந்தது. அவர் அதை இறுக்கினார். லக்சா கடைக்காரம்மா இரண்டு குடம் தண்ணீர் கொடுத்தார். சூட்டு மீட்டருக்கு லென்ஸே வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். டாக்டர் மட்டும் அந்தக் கறுக்கும் லென்ஸை வெயிலுக்கும் நிழலுக்குமாகப் பிடித்து ரசித்துக்கொண்டே இருந்தார். தன் காருக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். வேண்டாம் டாக்டர் என்றேன். அவர் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

மலை வழியே திரும்பும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. மற்றவர்களிடம் விடைபெற்று, தெற்கே சமவெளிப் பாதையாகக் கிளம்பினோம். இப்போது முள் உயிரோடு இருந்தது. அதுதான் புதிய தொந்தரவு. சிவப்பு விளக்கில் நின்றால் ஏறியது. காற்று வீசினால் இறங்கியது. லாரிக்குப் பின்னால் போனால் நடுங்கியது. அது அசையும்போதெல்லாம் என் கணவரின் கால் பெடலில் துடித்தது.

"எண்பத்தெட்டு" என்றார். "எண்பத்தொன்பது." பிறகு, "தொண்ணூத்திரண்டு" என்று சொல்லிக் காரை ஓரங்கட்டிவிட்டார்.

அது பாயான் லெபாஸ். பக்கத்தில் விமான நிலையத்தின் வேலி. நிழலுக்கு ஒரு மரம் இருந்தது. இறங்கி, முன்மூடியைத் திறந்துவிட்டு, வேலியோரம் உட்கார்ந்தோம். பாலிக் புலாவில் நான் வாங்கிவைத்த ஜாதிக்காய் ஊறுகாயை எடுத்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் வயிறு தெரிய இறங்கியது.

"காலையில எவ்வளவு நிம்மதியா ஓட்டுனேன்" என்றார்.

"ஆவி வர்ற வரைக்கும்."

"ஆவி வந்தப்பகூட, நீ தொண்ணூறுன்னு சொன்னதும் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

எழுந்து போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தார். தொண்ணூற்றொன்று. மறுபடி உட்கார்ந்து ஊறுகாய்ப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார். இன்னொரு விமானம் வரும்வரை இருக்கலாம் என்று சொன்னார்.